முறுக்கத் தெரியும்... ஓட்டத் தெரியுமா?

(மூன்றாமாண்டு, இயந்திரவியல் பிரிவு)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது, காவிரியைப் பற்றி ஒரு கவிதை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நம் மலரில் வருஷா வருஷம் காவிரிக்கு நாலு கவிதையாவது வந்துவிடுகிறது. நான் ஒருத்தன் எழுதாவிட்டால் காவிரி வற்றிவிடாது. அதனால் காவிரியை விட்டுவிட்டு, காவிரிக்கரையோடு போகிற கரூர் ரோட்டைப் பற்றி எழுதுகிறேன்.

அந்த ரோடு நமக்கெல்லாம் ரொம்பத் தெரிந்த ரோடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ. குடமுருட்டிப் பாலம் தாண்டியதும் ஒருத்தன் திரும்பிப் பார்ப்பான். "முக்கொம்பு வரைக்கும்... யாரு?" அவ்வளவுதான். முத்தரசநல்லூர், ஜீயபுரம் எல்லாம் பக்கத்தில் பறக்கும். கடைசியாக வருகிறவன் எல்லோருக்கும் மீன் வறுவல் வாங்கித் தர வேண்டும். இதை ரேஸ் என்று நாம் சொல்வதில்லை, 'ரைடு' என்கிறோம். பெயரை மாற்றினால் வேகம் குறைந்துவிடுமா என்ன?

போன ஆவணியில் ஒரு ஞாயிறு, நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். வண்டியைப் பூங்கா வாசலில் நிறுத்திவிட்டு, மீனுக்கும் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். பத்து நிமிஷம் ஆயிற்று, ஒருத்தரும் வரவில்லை. அப்புறம் போன் வந்தது. என் பெஞ்சுக்காரன், ஹாஸ்டலில் என் பக்கத்துப் படுக்கைக்காரன், ஜீயபுரம் தாண்டி ஒரு வலதுபக்க வளைவில் விழுந்து கிடக்கிறான் என்று.

அவன் எப்படி விழுந்தான் என்பதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் அதில் எனக்குப் பங்கு உண்டு. அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் போனில் கார் பந்தய வீடியோ ஒன்று பார்த்துவிட்டு, ஹாஸ்டல் தரையில் சாக்பீஸால் வளைவு வரைந்து அவனுக்குப் பாடம் எடுத்தேன். "வளைவுக்கு வெளி ஓரத்திலிருந்து வா, உள் ஓரத்தைத் தொடு, மறுபடி வெளி ஓரத்துக்குப் போ. வட்டத்தோட ஆரம் பெரிசாகும், வேகம் குறைக்க வேண்டியதில்ல." கணக்குப்படி சரிதான். பந்தயத் தடத்தில் எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் பந்தயத் தடத்தில் எதிரே வண்டி வராது! கரூர் ரோட்டில் வலதுபக்க வளைவின் 'உள் ஓரம்' என்பது எதிரே வருகிறவனுடைய பாதை. அவன் நடுக்கோட்டைத் தாண்டி உள்ளே வெட்டினான். எதிரே ஒரு மினி வேன். வண்டி சாய்ந்திருக்கும்போதே முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தான். முன் சக்கரம் வழுக்கிற்று. வேன்காரர் சுதாரித்து நிறுத்தியதால் உயிர் இருக்கிறது. தொடை எலும்பு இரண்டாக உடைந்து, கம்பி வைத்து, அந்த செமஸ்டர் முழுக்கப் போயிற்று. எல்லா பேப்பரும் அரியர்.

பார்க்கப் போனபோது அவன் அம்மா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. காபி கொடுத்தார். அதை எப்படிக் குடித்து முடித்தேன் என்று எனக்கே தெரியாது.

இதற்கப்புறம் வண்டியைத் தொடவே கூடாது என்று இருந்தேன். எங்கள் வீட்டு வண்டி அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்கி, நான் காலேஜ் போவதற்காக எடுத்துக் கொடுத்த பழைய ஸ்பிளெண்டர். எங்கள் வீட்டில் பத்தாவதுக்கு மேல் படிக்கிற முதல் ஆள் நான். அந்த வண்டியில்தான் நான் ரேஸ் விட்டேன் என்பது அப்பாவுக்கு இந்த மலரைப் படித்தால்தான் தெரியும். (அப்பாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் நான் எழுதியது என்றால் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்பார்.)

பொங்கல் லீவில் கோயமுத்தூர் போனேன். என் பெரியம்மா மகன் அண்ணன் அங்கே ஒரு கார் வொர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிறார். அவருடைய வாடிக்கையாளர் ஒருத்தர் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறார். செட்டிப்பாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வேயில் 'டிராக் டே' என்று ஒன்று வைப்பார்கள். பந்தயம் கிடையாது, பரிசு கிடையாது. சொந்தக் காரைக் கொண்டுவந்து, பணம் கட்டி, தடத்தில் ஓட்டிப் பழகிக்கொள்கிற நாள். அண்ணன் ஸ்பானரோடு போகிறார், நான் காற்றடிக்கிற எடுபிடி. இன்றைக்கு வேகம் என்றால் என்னவென்று பார்த்துவிடலாம் என்று போனேன்.

சும்மா சொல்லக் கூடாது, பாதி நாள் வேகத்தையே கண்ணில் காட்டவில்லை. முதலில் காருக்குள் இருக்கிற தளர்ந்த சாமான் எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார்கள். கால் மிதி, தண்ணீர் பாட்டில் எல்லாம் வெளியே. பிரேக் மிதிக்குக் கீழே பாட்டில் உருண்டால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள். டேஷ்போர்டில் இருந்த பிள்ளையாரையும் எடுக்கச் சொன்னதும் கார்க்காரர் கொஞ்சம் தயங்கி, பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து அண்ணன் ஒவ்வொன்றாகப் பார்த்தார். டயர் காற்றைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்கள். ஓட ஓட டயர் சூடாகும், காற்று விரியும், அழுத்தம் ஏறும். நாம் படித்த வாயு விதிதான், அங்கே மீட்டர் முள்ளில் ஏறுவதைக் கண்ணால் பார்த்தேன். பிரேக் ஆயிலும் புதுசாக மாற்றியிருந்தார்கள். பழைய ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். சூட்டில் அந்த ஈரம் கொதித்து ஆவியானால் மிதி பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும், வண்டி நிற்காது. அப்புறம் கொடிகளுக்கு ஒரு வகுப்பு. மஞ்சள் கொடி என்றால் அபாயம், முந்தக் கூடாது. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம்.

கார்க்காரருக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெரியவர் வந்தார். அறுபது வயதை நெருங்கியிருப்பார். சின்ன வயதில் சோழவரம் பந்தயம் பார்த்தவராம். இரண்டாம் உலகப் போரில் போட்ட விமான ஓடுதளம்தான் சோழவரம். 1953-இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தோன்றியது. இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் ஒழுங்கான தடம் வருகிற வரைக்கும் நம் ஊர்ப் பந்தயத்துக்குச் சோழவரம்தான் பேர்போன இடம். செட்டிப்பாளையம் தடத்தின் பெயரில் உள்ள 'கரி' என்பது கரிவரதன். மாருதி 800 எஞ்சினை வைத்துச் சின்னப் பந்தயக் கார்களைக் கட்டியவர், 1995-இல் விமான விபத்தில் இறந்துபோனார். நம் வொர்க்‌ஷாப்பில் கூட அந்த எஞ்சின் ஒன்று வெட்டுத் தோற்றமாக நிற்கிறதே, அதே ரகம்தான். அந்த வகைக் காரில் ஓட்டிப் பழகி வந்தவர்களில் ஒருவர்தான் கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயன்.

சரி, பெரியவர் என்ன செய்தார்? முதல் மூன்று சுற்று பிரேக்கையே தொடக் கூடாது என்றார்! கியரும் மாற்றக் கூடாது, ஒரே கியர். கார்க்காரர் முகம் சிவந்துவிட்டது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கின காரை ஷேர் ஆட்டோ மாதிரி ஓட்டச் சொன்னால்? ஆனால் காரணம் இருக்கிறது. பிரேக் இல்லை என்றால், வளைவு வருகிறது என்பதை எவ்வளவோ முன்னாலேயே கண்ணால் அளந்து, காலை எடுக்க வேண்டும். நாம் பெரும்பாலும் கண்ணால் ஓட்டுவதில்லை. பிரேக்கை நம்பி ஓட்டுகிறோம்.

அடுத்து அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. உணவு இடைவேளையில் ஒரு டயரைக் காட்டி, "ரோட்டைத் தொடறது இதுல எவ்வளவு தெரியுமா? உங்க உள்ளங்கை அளவு. நாலு சக்கரத்துக்கு நாலு உள்ளங்கை. உங்க கார் உசிரு அதுலதான் நிக்குது" என்றார். அந்தப் பிடிமானம் ஒரு அளவுக்குத்தான் உண்டு. அதை பிரேக் போடவும் செலவழிக்கலாம், திரும்பவும் செலவழிக்கலாம். மொத்தமும் பிரேக்குக்குப் போய்விட்டால் திரும்ப ஒன்றும் மிஞ்சாது. எனக்கு இது உடனே புரிந்தது. மாசம் ஒண்ணாந்தேதி அப்பா கொடுக்கிற பணத்தை அம்மா அரிசிக்கு, குழுத் தவணைக்கு, எனக்கு என்று பிரித்து வைப்பதை இத்தனை வருஷமாகப் பார்க்கிறவன் நான். தவணைக்கே எல்லாம் போனால் அரிசிக்கு எங்கே போவது? நண்பன் சாய்ந்த வண்டியில் முன் பிரேக்கைப் பிடித்தபோது நடந்தது இதுதான். திரும்புவதற்கே முழுப் பணத்தையும் செலவழித்துவிட்டு, இல்லாத பணத்தில் பிரேக் போட்டான்.

அதனால்தான் பிரேக்கை நேர்ப் பாதையிலேயே போட்டு முடித்துவிட்டு, அப்புறம் திரும்ப வேண்டும். கைதேர்ந்தவர்கள் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே திரும்புவார்களாம். "அது அஞ்சாம் வகுப்பு, நீங்க இன்னும் ஒண்ணாம் வகுப்பு" என்று கார்க்காரரிடம் சொல்லிவிட்டார். ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பாதே, பிரேக்கைக் குத்தாதே, ஆக்சிலரேட்டரைப் படிப்படியாகக் கொடு என்று நாள் முழுக்க அதையே சொன்னார். 1969, 1971, 1973 என்று மூன்று முறை உலகச் சாம்பியனான ஜாக்கி ஸ்டூவர்ட் இப்படி மென்மையாக ஓட்டுவதற்குத்தான் பேர்போனவர். இன்னொன்று, கண். எங்கே பார்க்கிறாயோ அங்கேதான் வண்டி போகும். பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் பள்ளத்தில்தான் விழுவாய். வளைவில் நுழையும்போதே அதன் முடிவைத் தேடு என்றார்.

சாயங்காலம் அண்ணன் கையில் இருந்த ஸ்டாப்வாட்ச்சில் அந்தக் கார் காலையில் போனதைவிட ஒரு சுற்றுக்கு ஒன்பது விநாடி குறைவாகப் போனது. ஆனால் பார்க்கிறவனுக்கு மெதுவாகப் போவது போலவே இருந்தது. டயர் கத்தவில்லை, புழுதி பறக்கவில்லை. காலையில்தான் சத்தமெல்லாம்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அப்பா இருபத்தைந்து வருஷமாக லாரி ஓட்டுகிறார். முதல் ஏழு வருஷம் கிளீனர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "இதுக்கா டேய் காசு வாங்குறாங்க? வளைவுக்கு முன்னாடியே பிரேக்க முடிச்சுக்கணும்னு எங்க டிரைவரண்ணன் என் மண்டையில குட்டிக் குட்டிச் சொல்லிக் குடுத்தாரு." அப்புறம் தொப்பூர் கணவாய் இறக்கத்தைப் பற்றிச் சொன்னார். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிறவர்கள் உண்டாம். பாரம் தள்ளும், பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார்கள், டிரம் சூடாகிக் கடைசியில் பிடிக்காது. "ஏறுன கியர்லயே எறங்கணும். பிரேக்கு கடைசிக்குத்தான்." செட்டிப்பாளையத்துப் பெரியவரும் அப்பாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்ததே இல்லை. ஒருத்தர் கார் கோடி ரூபாய், ஒருத்தர் வண்டி முதலாளியுடையது. ஆனாலும் ஒரே பாடம்.

இத்தனை நாள் இதை நான் அப்பாவிடம் கேட்டதே இல்லை என்பதுதான் எனக்கு வெட்கம். டிப்ளமோ படிக்கிறோம் என்று ஒரு நினைப்பு. போன் சொல்லிக்கொடுத்தது, பக்கத்து அறையில் தூங்குகிற மனிதரிடம் கேட்கத் தோன்றவில்லை.

நம்மிடம் இருப்பதோ கணக்கு. அதையாவது போட்டுப் பார்த்தோமா? முதலாமாண்டு மெக்கானிக்ஸ் பாடத்தில் உராய்வுக் குணகம் போட்டோமே, அதேதான். காய்ந்த தார் ரோட்டுக்கு 0.7 என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் நிற்க 20 மீட்டர். கண்ணில் பட்டு கை பிரேக்கைப் பிடிக்க ஒரு விநாடி, அதில் 17 மீட்டர் போய்விடும். மொத்தம் 37. இதே 90 கி.மீ. என்றால் மொத்தம் 71 மீட்டர்! வேகம் ஒன்றரை மடங்கு, தூரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வளைவுக்கும் போட்டுப் பார்த்தேன். 50 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 67 கி.மீ. வரை தாங்கும். அதே வளைவில் மணல் சிந்திக் கிடந்து குணகம் 0.3 ஆனால் 44 கி.மீ.தான். கரூர் ரோட்டில் மணல் சிந்தாத நாள் உண்டா?

2018 ஆகஸ்டில் முக்கொம்பு கொள்ளிடம் அணையில் ஒன்பது மதகு ராத்திரியில் அடித்துக்கொண்டு போயிற்றே, ஞாபகம் இருக்கிறதா? 1836-இல் கட்டியது. அத்தனை வருஷம் நின்றது, போகிற நேரம் மளமளவென்று போயிற்று. டயர் பிடிமானமும் நமக்கு அப்படித்தான் தெரியும். பழகினவனுக்கு அது முன்கூட்டியே முனகிச் சொல்லும். நமக்குத்தான் அந்த முனகல் கேட்காது.

'இதெல்லாம் பணக்காரன் விளையாட்டு, நமக்கெதுக்கு?' என்று சிலர் கேட்கலாம். உண்மை, பணக்காரன் விளையாட்டுதான். அந்தக் காரின் நாலு டயர் விலையில் எங்கள் வீடு பல மாசம் ஓடும். ஆனால் பிரேக்கை எப்போது போடுவது என்பதற்கு யாரும் டிக்கெட் கேட்கவில்லை. 'தடம் இல்லை, அதனால் ரோட்டில் விடுகிறோம்' என்பதையும் நான் ஏற்கமாட்டேன். தடத்தில் ஓட்டுகிறவர்கள் அங்கே போய் முதலில் கற்றுக்கொள்வது நிறுத்துவதை. நாம் ரோட்டில் பழகியது அதையா?

தடம் என்றால் ஆபத்தே இல்லை என்றும் எண்ண வேண்டாம். 2023 ஜனவரியில் இருங்காட்டுக்கோட்டையில் கே.இ. குமார் என்ற அனுபவம் மிக்க பந்தய வீரர் இறந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் அதே தடத்தில் 13 வயதுப் பையன் ஒருவன் பைக் பந்தயத்தில் இறந்தான். ஹெல்மெட், ஆம்புலன்ஸ், கொடி எல்லாம் இருந்தே இப்படி. 2025 ஜனவரியில் துபாயில் பயிற்சியின்போது நடிகர் அஜித் குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்றதை நாம் எத்தனை தடவை போட்டுப் பார்த்தோம்! அவர் இறங்கி நடந்து வந்தார், சில நாளில் அவர் அணி தன் பிரிவில் மூன்றாமிடம் பிடித்தது. விசில் அடித்தோம். அந்தக் காருக்குள் இரும்புக் கூண்டும், உடம்பைக் கட்டிப் பிடிக்கிற பெல்ட்டும் இருந்ததை யார் பேசினோம்? ஜீயபுரத்தில் இருப்பது புளியமரமும் மைல் கல்லும்.

'மெதுவாப் போ, அது போதும்' என்கிற பெரியவர்களோடும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. மெதுவாகப் போகிறவனும் முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போனால் விழுவான். எப்படி நிறுத்துவது என்று ஒருத்தரும் சொல்லித்தராமல் மெதுவாகப் போ என்றால், நாய் குறுக்கே வரும்போது அவன் என்ன செய்வான்? லைசென்ஸுக்கு எட்டுப் போடுகிறோம். அவசர பிரேக் ஒரு தடவையாவது போட்டுப் பார்த்திருக்கிறோமா? லேத்தில் கை வைக்கும் முன் சக் கீயை எடுத்துவிட்டாயா என்று ஃபோர்மேன் ஐயா பத்துத் தடவை கேட்கிறார். வண்டிக்கு அப்படிக் கேட்க ஆள் இல்லை. நரேன் கார்த்திகேயன் 1992-இல், 15 வயதில், பிரான்சில் வின்ஃபீல்டு பந்தயப் பள்ளிக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவர். 2005-இல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். அந்த ஆண்டு இண்டியானாபோலிஸில் அவர் நாலாவதாக வந்த பந்தயத்தில் ஒரு விசேஷம் உண்டு. 20 கார்களில் 14 கார்கள் ஓடவே இல்லை. ஒரு வளைவை அவற்றின் டயர் தாங்காது என்று தெரிந்ததும் உலகத்துப் பெரிய ஓட்டுநர்கள் ஆயிரக்கணக்கானோர் கண்ணெதிரே காரை உள்ளே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். ஜனம் கூச்சல் போட்டது. போட்டால் போடட்டும் என்று இருந்துவிட்டார்கள். மீன் வறுவலுக்காக நம்மால் அது முடியவில்லை.

பேரவைக்கு ஒரு கோரிக்கை வைத்திருக்கிறேன். முதல்வர் ஐயாவுக்கு எழுதிய மனுவில் இதுவரை 43 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். மாசத்துக்கு ஒரு ஞாயிறு காலை நம் மைதானத்தை இரண்டு மணி நேரம் கொடுக்க வேண்டும். சுண்ணாம்புக் கோடு, நாலைந்து செங்கல், ஹெல்மெட், அவ்வளவு போதும். வேகம் 30-ஐத் தாண்டக் கூடாது. நேராக வந்து கோட்டுக்குள் நிறுத்துவது ஒன்று. ஈர மண்ணில் அதையே செய்வது ஒன்று. செங்கல்லைப் பார்க்காமல் செங்கல்லைச் சுற்றுவது ஒன்று. கேட்க எளிதாக இருக்கும், செய்து பாருங்கள். நான் செய்து பார்த்தேன், முதல் நாள் நாலு செங்கல்லில் மூன்றை இடித்தேன்.

நண்பன் இப்போது ஊன்றுகோலோடு வகுப்புக்கு வருகிறான். ஸ்டாப்வாட்ச் பிடிக்கிற வேலை அவனுக்கு. சொல்லிக்கொடுக்க அப்பாவைக் கேட்டிருக்கிறேன். லோடு இல்லாத ஞாயிறு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். ராத்திரி படுக்கும்போது மெதுவாக ஒரு கேள்வி கேட்டார். "காலேஜுக்குள்ள வர்றதுன்னா காக்கிச் சட்டையிலயே வரலாமா தம்பி, இல்ல வெள்ளைச் சட்டை எடுக்கணுமா?"